அணில் வாசலில் மினுக்குத் தோரணம்

குளத்தங்கரைப் புங்கமரத்தில் இரண்டு குடித்தனங்கள். கீழ்ப் பொந்தில் அணில். மேல் பொந்தில் மைனா.

அணிலின் குட்டிகள் அன்றுதான் கண் திறந்திருந்தன. மைனாவுக்கும் குஞ்சுகள் இருந்தன. இறகுகூட முளைக்காத குஞ்சுகள். எப்போதும் பசி, பசி! திறந்த வாயை மூடவே மூடா.

"குட்டிங்க கண்ணு திறந்ததுக்கு நாளைக்குக் காலையில விருந்து! எல்லாரும் வந்துடணும்!" என்று அணில் குளக்கரை முழுவதும் ஓடி ஓடி அழைத்தது.

"வரேம்மா, வரேன்" என்றது கொக்கு. "ஆனா உன் வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது? போன தடவை வேற ஓட்டைக்குள்ள தலையை விட்டுட்டேன். பல்லி பிடிபிடின்னு பிடிச்சுடுச்சு!"

புறாக்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. கொக்கு விளையாட்டாகத்தான் சொன்னது. ஆனால் அணிலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தூக்கணாங்குருவியின் வீடு காற்றில் எவ்வளவு ஒய்யாரமாக ஆடுகிறது! நம் வீடு வெறும் ஓட்டையா?

"இருக்கட்டும்! நாளைக்கு என் வாசலைப் பார்த்து எல்லாரும் அசந்து நிக்கப் போறீங்க!" என்று மனதுக்குள் கறுவிக்கொண்டது.

அன்று மாலை அணில் ஊர்ப்பக்கம் போனது. வீட்டுக் கொல்லைகளில் என்னென்னவோ கிடந்தன. கீறல் விழுந்த சிடி தட்டுகள், காலி ஷாம்பு பாக்கெட்டுகள், சோடா மூடிகள், உடைந்த வளையல், சிக்கலாகிப்போன கேசட் நாடா.

"இதையெல்லாமா தூக்கிப் போடுறாங்க!"

ஒவ்வொன்றாக இழுத்து வந்தது. பாக்கெட்டுகளைப் பல்லால் கிழித்துப் பூவாகச் சுருட்டியது. தட்டுகளின் நடு ஓட்டையில் வாழைநாரைக் கோத்துத் தொங்கவிட்டது. இடையிடையே வளையலும் மூடியும். நாடாவைக் கிளைக்குக் கிளை இழுத்துக் கட்டியது. பார்க்கப் பார்க்க அதற்கே கண் நிறைந்துபோயிற்று.

விடிந்தது. மைனா அதற்கு முன்பே இரை தேடப் போய்விட்டது. மரத்தின் மேல் வெயில் பட்டதும் தட்டுகள் சுழன்றன. நாலா பக்கமும் வெளிச்சம் தெறித்தது. காற்றடித்ததும் நாடா 'ங்ஙொய்ய்ய்' என்று முனகியது.

"அடேயப்பா! மேளமே வந்தாச்சு!" என்று குதித்தது அணில்.

மேல் பொந்தில் குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன.

"பாரு, பாரு! குஞ்சுங்களுக்கே சந்தோஷம் தாங்கல!"

புறாக்கள் கூட்டமாக வந்தன. மரத்தை நெருங்கியதும் படபடவென்று திரும்பிப் பறந்தன. மீன்கொத்தி பாதி வழியிலேயே மாயமாகிவிட்டது. கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது. அப்படியே ஒரு வளைவு வளைந்து அக்கரைக்குப் போய்விட்டது.

"வாங்க! வாங்க! இதுதான் வீடு!" அணில் கத்தியதுதான் மிச்சம்.

மைனாவும் வந்தது. அதுவும் மரத்துக்கு வரவில்லை. எதிர்ப் பனையில் போய் உட்கார்ந்தது. பறந்து கிட்டே வரும், திரும்பிப் போகும். மறுபடியும் வரும், மறுபடியும் போகும்.

அணிலுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"என்னடி மைனா! என் வாசல் மினுங்கினா உனக்குக் கண்ணு உறுத்துதா?"

மைனா பதில் பேசவில்லை.

"நீ பெத்ததுங்க தொண்டை வறளக் கத்துதுங்க. நீ பனைமட்டையில ஊஞ்சல் ஆடுறே! நீயெல்லாம் ஒரு தாயா?"

மைனா அப்போதும் வாய் திறக்கவில்லை.

"திமிரைப் பாரேன்! எங்கிட்டப் பேசினா முத்து உதிர்ந்துடுமோ?"

வெயில் ஏறியது. குஞ்சுகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றேவிட்டது. அணில் மேலே ஏறிப் பார்த்தது. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடந்தன. வாய் மட்டும் திறந்திருந்தது. விருந்துக்கு வைத்திருந்த கொய்யாவைக் கொறித்து ஊட்டிப் பார்த்தது. உள்ளே இறங்கவில்லை.

அப்போதுதான் காக்கா வந்தது. அதுவும் தள்ளியிருந்த வேலியிலேயே உட்கார்ந்துகொண்டது.

"ஏ அணிலு! யாரு வேலை இது?"

"நான்தாண்ணே கட்டினேன், விருந்தாளிங்களுக்காக. ஒருத்தரும் வரல. குஞ்சுங்க வேற துவண்டு கிடக்குதுங்க. நீங்களாவது வாங்கண்ணே!"

"எப்படி வர்றது? கதிர் முத்தினா எங்களை விரட்டுறதுக்கு மனுஷன் வயல்ல கட்டுறதே இதைத்தானே! இதே தட்டு, இதே நாடா! அந்த வெளிச்சம் கண்ணுல அடிச்சா றெக்கை தானாத் திரும்பிடும். விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, விரட்டுறதுக்கும் கட்டி வச்சிருக்கியே தாயி!"

அணிலுக்குக் காது இரண்டும் அடைத்துப்போயிற்று. பாய்ந்து போய் நாரைக் கடித்தது. தட்டுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. நாடா காலைச் சுற்றிக்கொண்டது. அதையும் கடித்து இழுத்தது. கடைசித் தட்டு தரையைத் தொடவில்லை. அதற்குள் மைனா விர்ரென்று அணிலின் தலைக்கு மேலே பறந்து பொந்துக்குள் புகுந்தது.

உள்ளே சத்தமே இல்லை. அணில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குஞ்சு 'கீ' என்றது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

அணில் தன் பொந்துக்குப் போகவில்லை. மரத்தடியில் கிடந்த அந்தக் குவியலுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தது. ஒரு தட்டில் தன் முகம் தெரிந்தது. அதைப் புரட்டிக் குப்புறப் போட்டது.

விருந்தாளிகள் வந்தார்கள். குட்டிகளைக் கொஞ்சினார்கள். கொய்யாவே தின்னாத கொக்குகூட ஒரு துண்டை விழுங்கி, "நல்லாருக்கும்மா" என்றது. காலையில் நடந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அணிலுக்கு. தலை நிமிராமலே பரிமாறியது.

எல்லாரும் போன பிறகு மைனா கீழே இறங்கி வந்தது.

அணில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "மைனா, நாக்கூசாம என்னென்னவோ சொல்லிட்டேனே. நீயெல்லாம் ஒரு தாயான்னு கேட்டுட்டேனே. நீ திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"எப்படிக்கா கேக்கிறது?" என்றது மைனா. "வாயில குஞ்சுங்களுக்குக் கொண்டுவந்த புழு இருந்துச்சு. வாயைத் திறந்தா அது விழுந்துடுமே!"

அணில் வாலை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.

நம் வாசலுக்கு அழகென்று ஒன்றைத் தொங்கவிடும் முன், அது அடுத்தவர் வாசலை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.