விடாத செல்ஃப் மோட்டார்

அன்றைக்குக் காலையிலிருந்தே ஆறுச்சாமி வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டுதான் நின்றார்.

சென்னியப்பன் மேஸ்திரியிடம் கார் ஒயரிங் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார ஆகாது என்று பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மேஸ்திரியை விட நல்ல மூப்பு. அதனால் குரு சிஷ்யனை “அண்ணா” என்பார், சிஷ்யன் குருவை “மேஸ்திரி” என்பார். பக்கத்துக் கடையில் கார் சீட் தைக்கிற எனக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறை நடுவில் ஒரு பழைய பச்சை மாரிஸ் மைனர் கார் நின்றது. அதன் சீட்டுகளைத் தைத்து முடித்து வைத்திருந்தேன். இவர்கள் ஒயர் வேலையை முடித்தால்தான் நான் சீட்டை மாட்ட முடியும். ஆறுச்சாமியோ ஒரு போல்ட்டைப் பாதி முடுக்குவார், போனை எடுத்துப் பார்ப்பார், வாசலுக்குப் போவார், வருவார், எந்த போல்ட் என்று தேடுவார்.

“யமுனா போனை எடுக்க மாட்டேங்குதுங் மேஸ்திரி.”

“வேலையா இருக்கும்ங்ணா.”

“அதுதானுங் பயமே. இன்னைக்குத்தான் தைச்ச மொத லாட்டு பனியனுக்கு செக்கிங். கம்பெனிக்காரன் துணியைத் திருப்பிட்டான்னா யூனிட்டையே மூட வேண்டியதுதான். ஒரு எட்டு திருப்பூர் போயிட்டு வந்தர்றனுங்?”

“அந்த ஒயரை முடிங்க.”

யமுனா அவருடைய மகள். திருப்பூரில் சின்னதாக ஒரு ஷெட் பிடித்து, தையல் மெஷின் போட்டு, பனியன் தைத்துக் கொடுக்கிறாள். ஷெட் பார்த்தது அப்பா, மெஷின் வாங்கினது அப்பா, கம்பெனியில் பேசி முதல் ஆர்டர் பிடித்ததும் அப்பா. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த யூனிட்டே இல்லை.

அதற்கப்புறமும் தினமும் போய் நின்றார் பாருங்கள், அதுதான் வினை. தையல்காரம்மா யமுனாவிடம் கேட்டால் இவர் பதில் சொல்வார். கம்பெனிக்காரன் யமுனாவிடம் விலை கேட்டால் இவர் சொல்வார். போன வாரம் ஒரு தையல்காரம்மாவைப் பார்த்து, “இது என்ன தையலா, மாட்டு வண்டித் தடமா?” என்றிருக்கிறார். அந்தம்மா கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. கூடவே அதன் தங்கச்சியும் போய்விட்டது.

அந்தம்மா போன அன்றைக்கே யமுனா சொல்லிவிட்டாள். “அப்பா, இனி நீங்க இந்தப் பக்கம் வந்தீங்கன்னா நானே ஷட்டரை இறக்கிட்டு ஊட்டுக்கு வந்துருவேன். அப்புறம் உங்களோட பேச மாட்டேன்.”

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்! அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் அவருக்குக் கால் அங்கேதான் இழுத்தது.

“மேஸ்திரி, நீங்களே சொல்லுங். பெத்தவன் போயி நிக்கறது தப்புங்களா?”

“ஒயரு முடிஞ்சுதுங்களா?”

“முடியப் போகுதுங். போகட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்.”

மேஸ்திரி பேட்டரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கே எரிச்சலாக வந்தது. கேட்கிற மனுஷனுக்கு ஆமாம், இல்லை என்று ஒன்று சொல்லித் தொலைத்தால் என்ன?

வேலை இதுதான். அந்தக் காரில் இன்ஜினைக் கிளப்பி விடுகிற பழைய செல்ஃப் மோட்டார் சோர்ந்துபோய்விட்டது. சாவியைத் திருப்பினால் பெரியவர் எழுந்திருக்கிற மாதிரி முனகும். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். உருவத்தில் சின்னது, இழுவையில் பெரியது. அதன் முதுகிலேயே சோலினாய்டு என்கிற காந்தச் சுவிட்சும் உண்டு. சாவியைத் திருப்பிக் கேட்கும்போது அந்த சோலினாய்டு மோட்டாரின் பல்லை முன்னால் தள்ளி இன்ஜின் பல்லில் கோக்கும், மோட்டாருக்குக் கரண்டும் விடும். இன்ஜின் கிளம்பினதும் பல்லைப் பின்னால் இழுத்துக்கொள்ளும்.

பழைய காரில் சோலினாய்டு தனியாக இன்ஜின் அறைச் சுவரில் இருந்தது. சாவி ஒயர் அதில்தான் வந்து முடிந்திருந்தது. சரியாகச் செய்வதென்றால் அந்தச் சாவி ஒயரை நீட்டிப் புது மோட்டார் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். கீழே படுத்து, கைவிட்டு, இழுத்து வர வேண்டிய வேலை. ஆறுச்சாமிக்குப் பொறுமை ஏது? பழைய சோலினாய்டை அப்படியே வைத்துக்கொண்டார். அதிலிருந்து வருகிற தடி ஒயரைப் புது மோட்டாரில் மாட்டினார். மாட்டின இடத்திலிருந்து, சாவி ஒயர் வர வேண்டிய பக்கத்துச் சின்ன முனைக்கு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டு முடித்துவிட்டார்.

“ஆச்சுங் மேஸ்திரி!”

மேஸ்திரி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தத் துண்டு ஒயர் மேல் வெளிச்சம் நின்றது. டார்ச்சை அணைத்தார்.

“சாவியைப் போடுங்ணா.”

ஆறுச்சாமி உள்ளே குனிந்து திருப்பினார். அடேங்கப்பா! தொட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆறுச்சாமிக்கு முகமெல்லாம் பல். சாவியை விட்டார்.

கிர்ர்ர்ரென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, ஆனால் மோட்டார் தன் பல்லை எடுக்கவில்லை. ஓடுகிற இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு அரைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டது. எனக்குப் பல் கூசியது.

“நிறுத்துங்க. மறுபடி போடுங்க.”

மறுபடியும் அதே அலறல்.

“சாவியை விட்டுட்டனுங் மேஸ்திரி! கையே வைக்கலீங்!”

“நீங்க விட்டீங்க. மோட்டார் விடலியே.”

“ஏனுங் விடல?”

மேஸ்திரி பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டார்.

“சாவியை விட்டதும் பேட்டரிக் கரண்டு நின்னு போச்சு. ஆனா மோட்டார் சுத்துன வேகத்துல சுத்திக்கிட்டிருக்குது. சுத்தற வரைக்கும் அதுலயும் கொஞ்சம் கரண்டு வரும். அந்தக் கரண்டு உங்க துண்டு ஒயர் வழியா சோலினாய்டுக்குப் போகுது. அது சாவிதான் இன்னும் கேக்குதுன்னு நினைச்சுப் பல்லை எடுக்காம நிக்குது.”

“சாவி கேக்கலீங்களே.”

“கேக்கல. இது சுத்தறதையே இது கேட்டுக்கிட்டிருக்குது.”

ஆறுச்சாமி குனிந்து அந்தத் துண்டு ஒயரைப் பார்த்தார். “இப்பிடியே விட்டா என்னாகுமுங்?” என்றார்.

“பல்லு போயிரும்.”

“யாரு பல்லு?”

“ரெண்டும். மோட்டார் பல்லுன்னா கழட்டி வேற மாட்டிக்கலாம். இன்ஜின் பல்லு போச்சுன்னா இன்ஜினையே இறக்கோணும்.”

 ஆறுச்சாமிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரே காருக்குக் கீழே படுத்தார். துண்டு ஒயரை வெட்டி எடுத்தார். பேட்டரி ஒயரை நேராக மோட்டாருக்குக் கொண்டுவந்தார். சாவி ஒயரைத் தனியாக நீட்டி, உரசாமல் குழாய் போட்டு, சின்ன முனையில் மாட்டினார். இந்த முறை போல்ட்டைப் பாதியில் விடவில்லை.  

“போடுங்ணா.”

திருப்பினார். இன்ஜின் பிடித்தது. சாவியை விட்டார். டக் என்று மோட்டார் ஒதுங்கிக்கொண்டது. அப்புறம் இன்ஜின் சத்தம் மட்டும்தான், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி சீராக.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். யமுனா இல்லை. செக்கிங் பண்ண வந்த கம்பெனிக்காரன். அவன் குரல் எனக்கே கேட்டது.

“ஏனுங்க, லாட்டுல கொஞ்சம் குறை இருக்குது. கழுத்துப் பட்டி கோணலு. உங்க பொண்ணு ரெண்டு நாள்ல சரி பண்ணித் தர்றேங்குது. எனக்கு அந்தப் பொண்ணு பேச்செல்லாம் ஆகாதுங்க. நீங்க கிளம்பி வாங்க, நாம பேசி முடிச்சுக்கலாம். இல்லைன்னா மொத்தத்தையும் திருப்பிட்டுப் போறேன்.”

 ஆறுச்சாமியின் ஒரு கை பைக் சாவி இருக்கிற சட்டைப் பைக்குப் போனது. நேரில் போனால் பத்து நிமிஷப் பேச்சில் முடிந்துவிடும். அவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். போகாவிட்டால் யூனிட் போனாலும் போகும். போனால் மகள் போவாள். ஐயோ, இந்த நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“நான் விட்டுட்டு, அங்க நின்னு போச்சுன்னா?”

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நின்னா யமுனா மறுபடி திருப்பும். சாவி உங்க கையில இல்லீங்ணா.”

 ஆறுச்சாமி போனைக் காதில் வைத்தார்.

“யூனிட்டுக்கு ஓனர் யமுனாதானுங், நம்பரைச் சொல்றனுங். எழுதிக்குங்க.”