எலுமிச்சை உருளாத இடம்

முகில்கோட்டை ராஜா வல்லபராயருக்குக் காது கூர்மை. புகழ்ச்சியை எந்த மூலையில் கிசுகிசுத்தாலும் கேட்டுவிடும். குறைதான் கேட்காது. அதை முன்கூட்டியே யோசித்த அவருடைய முப்பாட்டனார் அரண்மனை வாசலில் ஓர் ஆராய்ச்சி மணி கட்டி வைத்திருந்தார். குறையுள்ளவர் கயிற்றை இழுத்தால் ராஜா எழுந்து வந்தே தீர வேண்டும்.

அந்த மணி ஒரு வருஷமாக அசையவில்லை. ராஜாவின் மதியத் தூக்கம் கெடுகிறது என்று நிலஅளவு அதிகாரி திருவேங்கடநாதர் கயிற்றைச் சுருட்டி, இரண்டு ஆள் உயரத்தில் கட்டிவிட்டார். ராஜாவின் பல்லக்குக்குத் திரை உண்டு. நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அதிகாரிக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. மலைச்சரிவில் பொன்னி என்கிற விதவையின் எள்ளுக்காட்டை அளக்கப் போனவர், ஒரு மூலையில் கோலை வைத்தார். “மீதியும் இப்படியேதான் போகும்” என்று எழுதிவிட்டுத் திரும்பினார். காடு அப்படிப் போகவில்லை, வளைந்து போனது. ஓலையில் நேராகப் போனதால் பாதிக் காடு அரண்மனைத் தோட்டத்துக்குள் விழுந்தது. பாவம், பொன்னி தினமும் வந்து கயிற்றை எட்டிக் குதித்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் சபை கூடியது. ராஜாவைப் பார்க்க வருகிறவர்கள் தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம் ஏந்தி வருவது அந்த ஊர் வழக்கம். திருவேங்கடநாதர் தாம்பாளத்தோடு முன்னால் வந்தார்.

“மகாராஜா! ஒரு வருஷமாக மணி அசையவில்லை. தங்கள் ஆட்சி உச்சியைத் தொட்டுவிட்டது. இனி மணி எதற்கு? உருக்கித் தங்களுக்குச் சிலை செய்துவிடலாம்.”

ராஜாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. “மூக்கு மட்டும் எடுப்பாக இருக்கட்டும்” என்றார்.

சபை விகடன் சித்தாண்டியும் தாம்பாளத்தோடு நின்றிருந்தான். “அசையாததெல்லாம் உச்சியா, மகாராஜா?” என்று கேட்டான்.

அதிகாரிக்குச் சுருக்கென்றது. “உச்சியைப் பற்றி எனக்கா பாடம்? கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் நம் ஊர்க் குன்றின் உச்சிக்குப் போய்ச் சேருவேன். இவன் போவானா?”

ராஜாவுக்குப் பொழுது போகவேண்டியிருந்தது. “இருவரும் ஏறுங்கள். கையில் இருப்பதைத் தவிர வேறெதுவும் கூடாது. சித்தாண்டி, நீ தோற்றால் மணி உலைக்கு, நீ எல்லைக்கு அப்பால்!”

கையில் இருந்தது தாம்பாளமும் எலுமிச்சையும்தான்.

மறுநாள் காலை ராஜா பல்லக்கில் உச்சிக்குப் போய், ஏற்றம் ஒன்றும் கடினமில்லை என்று சொல்லிக்கொண்டு குடைக்கீழ் உட்கார்ந்தார். அடிவாரத்தில் இருவர் கண்ணையும் கட்டினார்கள்.

சித்தாண்டி தாம்பாளத்தைத் தரையில் வைத்து நடுவில் எலுமிச்சையை விட்டான். அது உருண்டு விளிம்பில் முட்டியது. தடவிப் பார்த்து அதற்கு நேரெதிர்த் திசையில் பத்தே அடி நடந்தான். மறுபடி தாம்பாளம், மறுபடி எலுமிச்சை, மறுபடி பத்தடி.

திருவேங்கடநாதரும் அதையே செய்தார், ஒரே ஒரு முறை. “திசை தெரிந்துவிட்டது. இனி இப்படியேதான் போகும்” என்று வீறுநடை போட்டார். குன்று அவரைக் கேட்டா வளைகிறது? நூறடியில் ஏற்றம் தீர்ந்தது. இருநூறில் பக்கவாட்டில் போனார். அதில் நடை உண்டு, உயர்வு இல்லை, அரண்மனை உத்தியோகம் மாதிரி. முந்நூறில் எருமைக் குட்டையில் தொபுக்கென்று விழுந்தார். சேற்றில் தாம்பாளத்தை வைத்தார். எலுமிச்சை உருளவில்லை.

“உச்சி! வந்துவிட்டேன்! உச்சி!” என்று குன்று அதிரக் கூவினார்.

அதற்குள் சித்தாண்டி ராஜாவின் காலடியில் தாம்பாளத்தை வைத்தான். அங்கேயும் எலுமிச்சை அசையவில்லை. கண்கட்டை அவிழ்த்தான்.

“எப்படியடா வந்தாய்?”

“தாம்பாளம் தொட்ட இடத்தில் மட்டும்தான் குன்றின் சாய்வைச் சரியாகச் சொல்லும், மகாராஜா. பத்தடிக்கு அதன் பேச்சை நம்பலாம். அதற்கு மேல் போகவேண்டுமானால் புதிதாகக் கேட்க வேண்டும்.”

“சரி, அங்கே கீழே ஒருவர் உச்சி என்கிறாரே?”

“அவர் எலுமிச்சையும் உருளவில்லையே! உச்சியிலும் உருளாது, பள்ளத்திலும் உருளாது. சுற்றிலும் ஓரடி வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் இறங்கினால் உச்சி. எல்லாப் பக்கமும் ஏறினால் பள்ளம்.”

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “அப்படியானால்… என் மணி?”

“அதுவும் அசையவில்லைதான். கயிற்றை ஓர் ஆள் உயரம் இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.”

“கயிறு மேலேயா இருக்கிறது?”

குன்றிலிருந்து திரும்பிய அன்றுதான் ராஜா அரண்மனை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தார். முகம் சிறுத்தது. காவலன் ஏணி வைத்துக் கயிற்றை இறக்கினான். அவன் தரையில் கால் வைப்பதற்குள் மணி அலறியது. இழுத்தவர் திருவேங்கடநாதர்! உச்சிமுதல் பாதம்வரை சேறு. காதில் பாசி.

“நியாயம் வேண்டும், மகாராஜா!”

“வரிசையில் வாருங்கள், ஐயா. ஒரு வருஷமாக ஒரு அம்மா காத்திருக்கிறாள்” என்றான் சித்தாண்டி.

வழக்கம்போல் அன்றும் வந்திருந்த பொன்னி கையைக் கூப்பினாள். “இந்த ஐயா ஒரு மூலையில கோலை வச்சாரு சாமி, பாதிக் காட்டைக் காணோம். வேற ஒண்ணும் வேணாம், மறுபடி அளக்கச் சொல்லுங்க. அடிக்கு அடி.”

ராஜா அதிகாரியின் சேற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். காடு அன்றே திரும்ப அளக்கப்பட்டது, அடிக்கு அடி. தோட்டம் சுருங்கியது. அளந்தவன் சித்தாண்டி. அந்த உத்தியோகமே அவனுக்குப் பரிசு. மணி இருந்த இடத்திலேயே இருந்தது, கயிறு இடுப்பளவில்.

கடைசியாகத் திருவேங்கடநாதரின் முறை வந்தது. “உமக்கு என்னய்யா குறை?” என்றார் ராஜா.

“இந்தச் சித்தாண்டி உச்சிக்குப் போய்விட்டான், மகாராஜா! என்னைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டான்!”

சித்தாண்டி பணிவாகக் குனிந்தான். “எனக்கெப்படித் தெரியும், ஐயா? உச்சிக்கு வந்துவிட்டதாக ஊருக்கே கேட்கும்படி நீங்கள்தானே கூவினீர்கள்!”

ராஜா சிரித்த சிரிப்பில் மணி தானாக ஆடியது.