இரண்டாவது காந்தம்

வேம்புச் சாமி ஏறிப் போகிற மோட்டார் சைக்கிள் கிளம்பினால், நத்தம் சந்தையில் மாடுகளுக்கு இன்னொரு முடிச்சுப் போடுவார்கள். அவ்வளவு சத்தம். அது விட்ட புகையை மேகம் என்று நினைத்து ஒரு மயில் தோகை விரித்து ஆடியது என்றும் சொல்வார்கள். அது பொய். ஆடியது கோழி.

சாமிக்கு நாற்பது வயது இருக்கும். வாயில் எப்போதும் ஒரு வேப்பங்குச்சி. சிறுமலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு மடமும் ஒரு கஞ்சிப் பானையும்தான் அவர் சொத்து. இழவு வீடுகளுக்குப் போய், தூக்குகிற வரைக்கும் கூடவே உட்கார்ந்து பாடுவது அவர் வேலை. வண்டி ஓட்டத் தெரியாது. வண்டிக்குச் சொந்தக்காரரும் ஓட்டுகிறவரும் சீடர் கோமதிநாயகம். அவருக்கு ஐம்பத்தெட்டு. அதனால் சீடர் குருவைச் 'சாமி' என்பார், குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். யார் யாருக்கு உபதேசம் என்று பார்க்கிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடாது.

கோமதிநாயகம் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்தவர். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது, செத்த பிறகு மனுசன் என்ன ஆகிறான் என்று ஒரு கேள்வி வந்தது. வாய் கொப்பளிப்பதற்குள் முற்றிவிட்டது. இதற்குப் பதில் தெரிந்த குருவைத் தேடிப் போகிறேன் என்று மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னார். அவள் தடுக்கவில்லை. கடைக்குப் போகிறவரை அனுப்புகிற மாதிரி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கிடைத்ததும் வந்துவிடுங்கள் என்றாள். வண்டியை அறுபதுக்கு மேல் விரட்டாதீர்கள் என்றும் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது சாமி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, ஒரே ஒரு வார்த்தை உபதேசம் வேண்டும் என்றார். சாமி வாயிலிருந்து குச்சியை எடுத்தார்.

"கஞ்சியக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி."

கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குரு என்றால் முதலில் விரட்டுவார், விரட்ட விரட்டப் போகாமல் நிற்கிறவனுக்குத்தான் வாய் திறப்பார். அவர் கேட்ட கதைகள் அத்தனையிலும் அப்படித்தான். ஆகவே இது சோதனை. அவர் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார். மறுநாளும் சாமி போகச் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். நமக்குச் சோதனை கொஞ்சம் பலமாகவே வைக்கிறார் என்று சீடருக்கு ஒரே பெருமை. கடைசியில் சாமிக்குத்தான் வாய் வலித்தது. வண்டி நல்லா ஓட்டுவீங்களா என்று கேட்டார்.

மூன்று வருஷம் ஓடிற்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆவுடையம்மாள் போன் செய்வாள். நல்லது கெட்டது விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பாள்.

"கெடச்சிட்டா?"

"இன்னும் இல்ல."

"சரி. பாருங்க."

ஒருநாள் ஒரு கிழவரின் இழவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கோமதிநாயகத்துக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டி, எப்போதுதான் சொல்வீர்கள் என்று கேட்டார். சாமி வண்டியின் மீட்டரைப் பார்த்தார். அது செத்து எவ்வளவோ காலம். கேபிள் அறுந்து, முள் படுத்துவிட்டது. கண்ணாடிக்குள் ஒரு சிலந்தி பிள்ளைகுட்டியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"இதுல பத்தாயிரம் ஓடட்டும். சொல்றேன்."

வேறு யாராக இருந்தாலும், இந்த மனுசன் சொல்லப் போவதில்லை என்று புரிந்துகொண்டு பையைத் தூக்கியிருப்பார்கள். கோமதிநாயகம் மறுநாளே திண்டுக்கல்லுக்குப் போய் ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கிவந்தார்.

வேப்பமரத்தடியில் வைத்துத் தானே மாட்டினார். சிலந்திக் குடும்பத்தைக் கிளையில் ஏற்றிவிட்டு, பழைய மீட்டரைக் கழற்றினார். ஹெட்லைட்டைத் திறந்தால் உள்ளே ஒயர்கள் இடியாப்பம் மாதிரி கிடந்தன. பாட்டரிக்கு ஒன்று, சாவி போட்டால் கரண்டு வருகிற ஒயருக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக முறுக்கி டேப் சுற்றினார். முதல் தடவை ஹாரன் அடித்தபோது இண்டிகேட்டர் எரிந்தது. இரண்டாவது தடவை இண்டிகேட்டர் போட்டபோது வண்டி அணைந்தது. மூன்றாவது தடவை நீல வெளிச்சத்தில் எண்கள் வந்தன. பெட்டி நிறைய சைபர். மடத்து நாய் அதைப் பார்த்து இரண்டு நாள் குரைத்தது.

இந்த மீட்டருக்கு முள்ளும் இல்லை, கேபிளும் இல்லை. முன்சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்ட வேண்டும். அதற்கு எதிரே, தீக்குச்சி கனம் இடைவெளி விட்டு, ஒரு சென்சாரை மாட்ட வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் காந்தம் ஒருதரம் சென்சாரைத் தாண்டும். அதை வைத்து மீட்டர் வேகத்தையும் தூரத்தையும் கணக்குப் போடும். எத்தனை காந்தம் ஒட்டியிருக்கிறாய் என்று மீட்டர் கேட்டது. கோமதிநாயகம் ஒன்று என்று அமுக்கினார். ஒன்றுதான் ஒட்டியிருந்தார்.

ஆனால் பெட்டிக்குள் உபரியாக இன்னொரு காந்தம் இருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பத்தாயிரம் என்பது கொஞ்சநஞ்சத் தூரமா? ஆவுடையம்மாளுக்கு வர வர மூச்சு வாங்குகிறது என்று மகள் வடிவு சொல்லியிருந்தாள். சீக்கிரம் கிடைத்தால் சீக்கிரம் போகலாம். அப்புறம் பசை டியூபைத் திறந்தார். முதல் காந்தத்துக்கு நேர் எதிரே, சக்கரத்தின் அந்தப் பக்கத்தில் இரண்டாவதையும் ஒட்டினார். இப்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மீட்டர் இரண்டு என்று எழுதிக்கொள்ளும்.

அன்றிலிருந்து வண்டிக்கு இறக்கை முளைத்தது. சாமியைப் பின்னால் வைத்துக்கொண்டு மெல்ல உருட்டினாலே மீட்டர் அறுபது காட்டியது. இழவு வீட்டு வாசலில் கோமதிநாயகம் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே சாமி பாடுவார், அழுகைச் சத்தம் ஏறும், இறங்கும். இவர் சாவியைத் திருகி எண்ணைப் பார்ப்பார். யார் செத்தார்கள் என்றுகூட விசாரிப்பதில்லை. நாலாயிரம். ஆறாயிரம். ஒரு வீட்டில், செத்தவரின் சம்சாரமே அவருக்கு ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்தார்.

நாளாக ஆக, இரண்டாவது காந்தம் அவருக்கு மறந்துபோயிற்று. தானே ஒட்டியதைத் தானே மறப்பானா என்று கேட்கலாம். கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, தினம் அதைப் பார்த்தே பதறி ஓடுகிறவர்கள் எந்த வீட்டில் இல்லை?

மீட்டர் ஒன்பதாயிரத்து எழுநூறைத் தாண்டியிருந்தது. நத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் விடிகாலையிலிருந்து சாமி பாடிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு வாசலில் கோமதிநாயகத்தின் போன் அடித்தது. வடிவு.

"அப்பா, ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அம்மா உங்களத் தேடுதா."

"இந்தா, கெளம்பிட்டேன்."

"வேகமா வராதீங்க. அறுபதத் தாண்டக் கூடாதுன்னு சொல்லச் சொல்லுதா."

கோமதிநாயகம் உள்ளே போய்ச் சாமியின் காதில் சொன்னார். சாமி பாட்டைப் பாதியில் நிறுத்தினார். அவர் அப்படி நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. உங்களை மடத்தில் யார் கொண்டுபோய் விடுவது என்று சீடர் இழுத்தார். சாமி அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

மதுரை தாண்டி நாலுவழிச் சாலை. வெறிச்சென்று கிடந்தது. இந்த ஒரு நாளாவது அவள் சொன்னதைக் கேட்போம் என்று கோமதிநாயகம் முடிவு செய்துகொண்டார். மீட்டரில் அறுபது. அறுபத்தொன்று ஆனால் கையைத் தளர்த்தினார், ஐம்பத்தொன்பது ஆனால் முறுக்கினார். பாதையோரத்து மைல்கல் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் அந்த நீல எண்ணை மட்டும்தான். திருமங்கலத்தில் இளநீர்க் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மொபெட் அவரைத் தாண்டிப் போயிற்று. எமன் கணக்காப் போறானே என்று நினைத்தார். விருதுநகருக்கு இந்தப் பக்கம், ஒரு டிராக்டர் வைக்கோலோடு தாண்டியது. சாத்தூரில் ஒரு சைக்கிள்காரன் கூடவே மிதித்து வந்து மணி கேட்டுவிட்டு முன்னால் போனான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உயிர்மேல் ஆசையே இல்லை என்று கோமதிநாயகம் வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. வாசலில் ஆட்கள் நின்றார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வடிவு படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவாருன்னு அம்மா கணக்குப் போட்டா. அறுபதுல வந்தா அவ்வளவுதான் ஆகும்னா. பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தா."

"அறுபதுலதான் வந்தேன் தாயி."

வடிவு அவரைப் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

"கெடச்சிட்டான்னு கேக்கச் சொன்னா."

கோமதிநாயகம் திரும்பி வண்டியைப் பார்த்தார். சாவியை எடுக்க மறந்திருந்தார். வெயிலில் மங்கலாக எண் தெரிந்தது. பத்தாயிரத்தைத் தாண்டி நின்றது. அப்போதுதான் அவருக்கு வேப்பமரத்தடியும் பசை டியூபும் ஞாபகம் வந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் தூக்கினார்கள். பாடுவதற்கு ஆள் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு அவர் மடத்துக்கு வந்தார். சாமி வேப்பமரத்தடியில் இருந்தார். ஊரிலிருந்து யாரோ வந்து சொல்லியிருந்தார்கள், எல்லாம் தெரிந்திருந்தது. கோமதிநாயகம் விழுந்து கும்பிடவில்லை. வண்டியை நிறுத்தி, சாவியைத் திருகி, மீட்டரைக் காட்டினார்.

"பத்தாயிரம் ஆச்சு சாமி. சொல்லுங்க."

சாமி எழுந்துவந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். சக்கரத்தை மெல்லச் சுற்றினார். முதல் காந்தம் வந்தது, அதை விட்டுவிட்டார். இரண்டாவது வந்ததும் நிறுத்தி, நகத்தைக் கொடுத்து நெம்பினார். பசை கெட்டியாக இருந்தது. நகம் பிளந்து ரத்தம் வந்தது. விடாமல் பெயர்த்தெடுத்து, கோமதிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"மாட்டின மறுநாளே தெரியும். ரோட்டுக் கல்லு ஒண்ணு சொல்லுச்சு, மீட்டரு ஒண்ணு சொல்லுச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

சாமி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பத்தாயிரம் சீக்கிரமா வரட்டும்னு நானும்தான் நெனச்சேன்."

கோமதிநாயகம் உள்ளங்கையை மூடினார். அவள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள், அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அதற்காகவாவது சொல்லுங்கள் என்றார். மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தீர்களே, அது என்ன என்று கேட்டார்.

சாமி வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துக் கீழே போட்டார்.

"மொத நாளு கஞ்சி ஊத்தறப்ப சொன்னதுதான் அண்ணாச்சி. வேற ஒண்ணும் எங்கிட்டக் கெடையாது."