ஆவுடையப்பன் மாஸ்டர் எடுத்த கதை

தென்கரைக்குளம் அரிசிக்கடையில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவன் ஆவுடையப்பன், அடுத்தவன் சொரிமுத்து, கடைசி பிறவிப்பெருமாள். ஆண்டவன் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை கொடுத்தான். அதையும் அவன் வைத்திருப்பான் என்று இவன், இவன் வைத்திருப்பான் என்று அவன், யாரும் எடுத்து வரவில்லை.

ஆவுடையப்பனுக்குச் சங்கரவடிவைப் பேசியிருந்தார்கள். பெண் வீடு மூன்றாவது மாடி. கனத்த உடம்போடு ஏறிப் போனவனுக்கு மூச்சு வாங்கியதில் தன் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை.

"மூச்சு வாங்காம ஏறி வந்து பேரைச் சொல்லட்டும், கட்டிக்கிடுதேன்" என்றாள் அவள். நியாயமான பெண்.

டாக்டரிடம் போனார்கள். "வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிற ஜிம் மாஸ்டர் ஒருத்தரை எடுங்க. அவசரப்படாம நிதானமா எடுங்க. பிடிக்கலைன்னா அங்கேயே விட்டுருங்க" என்றார் அவர்.

முதலில் வந்த மாஸ்டர் என் தங்கை மகன் சுடலைமணி. நான்தான் அனுப்பினேன். அவன் கடை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆவுடையப்பன் அவனை இடுப்போடு சேர்த்து எடுத்துவிட்டான். நிதானமாகத்தான் எடுத்தான். வீடு கடைக்கு மேலே இருந்ததால் அப்படியே மாடிப்படியும் ஏறினான். பாதிப் படியில், பையன் பூசியிருந்த சென்ட் பிடிக்கவில்லை என்றான் சொரிமுத்து. அங்கேயே விட்டுவிட்டார்கள்.

சுடலைமணிக்கு முழங்கை இன்றைக்கும் முழுசாக மடங்காது. நான் அதை மறந்துவிட்டதாக அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறமும் மாஸ்டர்கள் வந்தார்கள். ஆவுடையப்பன் காலையில் ஒருவரை எடுத்து மாடி ஏறுவான், சாயங்காலம் ஒருவரை எடுப்பான். ஒருவர் எண்ணெய் தேய்த்து வந்து வழுக்கினார். ஒருவருக்கு இடுப்பில் கூச்சம், பிடிக்கவே முடியவில்லை. தம்பிகள் கைகொடுக்க வந்தால் ஆவுடையப்பன் விடமாட்டான். உடம்பு தன்னுடையது, எடுக்க வேண்டியதும் தான்தான் என்பான்.

சில மாதத்தில் அவனுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"ஆள் எடுக்கிற அலைச்சல்ல அண்ணன் பாதியாயிட்டான்" என்று பிறவிப்பெருமாள் கண் கலங்கினான்.

கடைசியில் தாவீது மாஸ்டரைப் பிடித்துப்போனது. எடுத்தபோது அவர் வாகாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். மாடியில் இறக்கிவிட்டதும் ஆவுடையப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட குறைக்க ஒண்ணுமே இல்லையே."

மூன்று பேரும் இடிந்துபோய் உட்கார்ந்தார்கள். பேசாமல் இப்போதே போய்ப் பெண் வீட்டு மாடியில் ஏறிவிடுகிறேன் என்றான் ஆவுடையப்பன்.

"பயிற்சி எடுக்காம எப்படி ஏறுவே? அது அந்தப் பிள்ளைய ஏமாத்துறது" என்றான் சொரிமுத்து.

"முதல்ல உடம்பைப் போடுவோம். அப்புறம் மாஸ்டர் குறைக்கட்டும்" என்றான் பிறவிப்பெருமாள்.

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்கு வேளைக்கு வேளை பரோட்டா. மாஸ்டர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

சங்கரவடிவின் அப்பா நேரிலேயே வந்தார். ஐப்பசிக்குள் மாப்பிள்ளை வராவிட்டால் பெண் வேறு இடம் பார்க்கச் சொல்கிறாள், எப்போது வருகிறார் என்று கேட்டார்.

சொரிமுத்து அவருக்கு நாற்காலி போட்டு, பக்குவமாகச் சொன்னான்.

"கொஞ்சம் பொறுங்க மாமா. அண்ணனுக்கு இன்னும் மூச்சு வாங்கவே ஆரம்பிக்கலை."