எறும்புகள் வழியில் நின்று முகம் தொடுவது

பறவைக்கும் பூச்சிக்கும் ஒரே பேச்சு இருந்த காலத்தில், ஒரு காட்டோடையின் கரையில், வாகை மரத்தடியில் ஓர் எறும்புக் கூட்டம் குடியிருந்தது. சிலர் மேலே இரை தேடினார்கள், சிலர் கீழே முட்டைகளைக் காத்தார்கள். எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதனால் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி கேள்வி கேட்பதில்லை. "நிஜமாகவா?" என்று கேட்டால் அக்கா தங்கைக்குள் மனத்தாங்கல் வந்துவிடும் என்று நினைத்தார்கள். எதிரே வருகிறவள் ஒன்றைச் சொன்னால், நடந்தபடியே கேட்டு, நடந்தபடியே அடுத்தவளிடம் சொல்லிவிடுவார்கள்.

அதே கரையில் ஒரு கௌதாரி குஞ்சு பொரித்திருந்தது. எறும்பு முட்டை என்றால் குஞ்சுகளுக்கு உயிர். ஆனால் கோடையில் மண் இறுகிக் கிடந்தது. நகம் தேயக் கிளறியும் முட்டை அறைவரை கௌதாரியால் போக முடியவில்லை.

ஒருநாள் காலை, இரை தேடி வந்த நெட்டைக்காலி என்ற எறும்பிடம் அது பேச்சுக் கொடுத்தது.

"என்னம்மா, இன்னும் இங்கேயே இருக்கிறீர்கள்? மேற்கு மலையில் பலத்த மழையாம். வெள்ளம் வந்தால் உங்கள் முட்டைகள் என்ன ஆகும்?"

நெட்டைக்காலி பதறிக்கொண்டு திரும்பி ஓடினாள். "வெள்ளம் வரப்போகிறதாம்" என்று எதிரே வந்தவளிடம் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் "வெள்ளம் வருகிறதாம்" என்றாள். செய்தி வாசலுக்குப் போவதற்குள் பேச்சில் வெள்ளம் வந்தே விட்டிருந்தது. முட்டை அறையில் காவல் இருந்த வேம்பி என்ற எறும்புக்கு, வாசலில் தண்ணீர் புகுந்துவிட்டது, முட்டைகளைப் பின்வழியாக மேட்டிலுள்ள பாறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று செய்தி வந்தது.

யார் பார்த்தது என்று கேட்க வேம்பி வாயெடுத்தாள். அதற்குள் ஆளுக்கொரு முட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடத் தொடங்கியிருந்தார்கள். அவளும் ஒன்றைத் தூக்கிக்கொண்டாள்.

பாறைமேல் சுள்ளென்று வெயில் அடித்தது. ஓடையில் வெறும் மணல்தான் கிடந்தது. முட்டைகளைக் குவித்து வைத்த இடத்துக்குக் கௌதாரி குஞ்சுகளோடு வந்தது. அது அவசரப்படக்கூட இல்லை. எறும்புகள் கடித்துப் பார்த்தார்கள், முட்டைகள்மேல் படுத்து மறைத்துப் பார்த்தார்கள். திரும்பக் கொண்டுவர முடிந்தது பாதிக்கும் குறைவு.

அன்று மாலை எல்லோரும் நெட்டைக்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கௌதாரி சொன்னது. எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள்.

"நம் முட்டைமேல் கௌதாரிக்கு என்ன அக்கறை என்று யோசித்தாயா?" என்று கேட்டாள் வேம்பி. பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "உங்களில் யாராவது தண்ணீரைப் பார்த்தீர்களா? நானும் பார்க்கவில்லை. ஆனாலும் தூக்கிக்கொண்டு ஓடினேன்."

அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நெட்டைக்காலியோடு பேசுவதையே விட்டார்கள். அதோடு நிற்காமல், யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை என்றும் ஆனார்கள். இலந்தைப் பழம் உதிர்ந்து கிடக்கிறது என்று ஒருத்தி சொன்னால் கேட்காததுபோல் போனார்கள். பழம் அழுகியது. கூட்டில் இரை குறைந்தது.

மழைக்காலம் நெருங்கியது. ஒரு நண்பகலில் ஓடைப் பக்கமிருந்து நெட்டைக்காலி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"வெள்ளம் வருகிறது. முட்டைகளை எடுங்கள்."

"மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டு ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள். அடுத்தவளும் போனாள். மண் சுமந்து வந்த வேம்பியும் விலகித்தான் நடந்தாள். ஆனால் கீழே முட்டைகள் இருக்கின்றனவே என்ற நினைப்பு அவளைப் பிடித்து இழுத்தது. மண்ணைக் கீழே போட்டுவிட்டு நெட்டைக்காலியின் வழியை மறித்து நின்றாள். பின்னால் வந்த வரிசை முழுவதும் நின்றுவிட்டது.

"இதையும் கௌதாரிதான் சொன்னதா?"

"இல்லை அக்கா. நானே பார்த்தேன்."

"எங்கே?"

"நாணல் வளைவில். நுரைத்துக்கொண்டு வருகிறது. நானே அதில் மாட்டிக்கொண்டு, ஒரு தண்டைப் பிடித்து ஏறி வந்தேன்."

வேம்பி இன்னும் நெருங்கினாள். தன் மீசைகளால் நெட்டைக்காலியின் முகத்தைத் தடவினாள், பிறகு கழுத்தை, பிறகு கால்களை. உடம்பு ஈரமாக இருந்தது. அதில் செம்மண் வாடை அடித்தது. அந்தக் கரையில் இருப்பது வெள்ளை மணல். செம்மண் மலையில்தான் உண்டு.

வேம்பி பின்னால் திரும்பினாள். "நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம். நீங்களே வந்து தொட்டுப் பாருங்கள்."

ஒருத்தி வந்து தொட்டாள். இன்னொருத்தி வந்து முகர்ந்தாள். தொட்டவர்கள் யாரும் பிறகு பேசிக்கொண்டு நிற்கவில்லை. முட்டைகள் ஒவ்வொன்றாக வாகை மரத்தின் பொந்துக்கு ஏறின. கடைசி முட்டையை நெட்டைக்காலியும் வேம்பியும் சேர்ந்து சுமந்தார்கள். அவர்கள் பொந்தை எட்டியபோது கூட்டின் வாசல்மேல் செந்நீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

எறும்புச் சாரையை இன்றும் பார்க்கலாம். எதிரெதிரே வருகிற இரண்டு எறும்புகள் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஒரு கணம் நின்று, ஒன்றன் முகத்தை ஒன்று தொட்டுப் பார்த்த பிறகே வழிவிடும். அந்த வழக்கம் அவர்களுக்கு வந்தது அந்த வெள்ளத்தன்றுதான்.