ஆவுளியாக் குட்டியும் ஆசாரியின் கம்பிகளும்

அந்தக் காலத்தில், கடலடிச் சேறுகூட வாய் திறந்து பேசிய காலத்தில், இரும்புக்கு அழிவே கிடையாது. தண்ணீரில் போட்டாலும் சரி, உப்பில் புதைத்தாலும் சரி, பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்போது புத்தம்புதிதாகவே இருக்கும்.

மாடக்கண்ணு ஆசாரிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. கடல்நீர் உள்ளே வந்து தேங்குகிற கழியில் பெண்கள் இறங்கி இறால் தடவுவார்கள். சுறா வந்துவிடக் கூடாதென்று, கழியின் வாயில் பாறையைக் குடைந்து இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டவர் அவர்தான். கதவு வைக்கவில்லை. "எதுக்குக் கதவு? தொறக்கவா போறோம்?" என்றுவிட்டார். அதோடு விட்டாரா? தினமும் விடிந்ததும் தேங்காய் நாரோடு போய், கம்பியில் ஒட்டிய பாசியை உரித்துப் பளபளவென்று தேய்த்து வைப்பார். மனைவி பேச்சி, "வீட்டுப் பானையில ஒண்ணையாவது இப்படித் தேச்சிருக்கீங்களா?" என்று கேட்பாள். மனுஷனுக்குக் காதில் விழாது.

ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கையில், கம்பிக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. கடல்பசு என்பார்களே, அந்த ஆவுளியா ஒன்று கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

"ஆசாரி, எம்பிள்ளை உள்ள இருக்கான். சின்னவனா இருந்தப்ப இடுக்குல நுழைஞ்சான். புல்லைத் தின்னு பெருத்துட்டான், இப்ப வெளிய வர முடியல. கோடையில கழி வத்திருமே."

குட்டியும் வந்து இந்தப் பக்கம் முட்டிப் பார்த்தது. ஆசாரி வீட்டுக்கு ஓடிச் சம்மட்டியை எடுத்துவந்தார். கம்பியை ஓங்கி அடித்தார், கை கொப்பளித்ததுதான் மிச்சம். ஊரைக் கூட்டிக் குட்டியைத் தூக்கப் பார்த்தார். அத்தனை பேர் கையிலிருந்தும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. தன் வேலையைத் தானே திட்டியபடி தண்ணீரில் நின்றார்.

"எங்களைக் கேட்டா என்ன?" என்றது காலடிச் சேற்றிலிருந்து ஒரு குரல். கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள் அங்கே கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. "இரும்பை நாங்க தின்போம். ஆனா காத்துப் படக் கூடாது. பாசி போர்வையா மூடுனாத்தான் அடியில உக்காந்து வேலை பார்ப்போம். நீர்தான் தினம் போர்வையை உருவிட்டுப் போறீரே."

"இனி தேய்க்கல. தின்னுங்க."

"யோசிச்சுச் சொல்லும். ருசி கண்டா விடமாட்டோம். உம்ம பேரன்மார் அடிக்கப்போற இரும்பையும் தின்போம்."

ஆசாரி பளபளத்த கம்பியைப் பார்த்தார். அதற்குள் குட்டி மறுபடி வந்து முட்டியது. கையிலிருந்த நாரை ஓடுகிற தண்ணீரில் வீசிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

பாசி படர்ந்தது. சிப்பியும் வந்து ஒட்டிக்கொண்டது. கை சும்மா இருக்க மாட்டாமல் பேச்சியின் பானைகளையெல்லாம் தேய்த்துத் தள்ளினார் ஆசாரி. வெயில் ஏறி, கழி சுருங்கி, குட்டியின் முதுகு வெளியே தெரிந்தது. தாய் தினமும் வந்து நின்றது. ஆசாரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் கழிப்பக்கமிருந்து அழுகின முட்டை நாற்றம் வந்தது. பேச்சி மூக்கைப் பொத்தினாள். இது அந்தப் பொடி உயிர்களின் வேலைதான் என்று ஆசாரி ஓடிப்போய்ப் பாசியை விலக்கித் தொட்டார். கம்பி கறுப்பாய்க் கையோடு உதிர்ந்தது. "முட்டுடா" என்றார். குட்டி முட்டியது. மளுக்கென்று கம்பி ஒடிய, குட்டி தாயின் வயிற்றுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது.

"அப்பாடா" என்று ஆசாரி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுறாவுக்கு மர வேலி போட்டுக்கொள்ளலாம் என்றாள் பேச்சி. "இந்தத் தடவை கதவோட."

அன்று முதல்தான் பாசி மூடிய இரும்பை அடியிலிருந்து அந்தப் பொடி உயிர்கள் அரித்துத் தின்கின்றன. அந்தக் கரைக்காரர்களும் நங்கூரத்தைக் கரையேற்றிச் சுரண்டுகையில் அழுகின முட்டை வாடை வந்தால் முகம் சுளிக்காமல், "குட்டி வெளிய போயிட்டான்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடர்கிறார்கள்.