வேலையில்லாதார் சாவடி

மயிலங்கோட்டையை இரணசூர பூபதி ஆண்டபோது நடந்த கதை இது. நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் தகுந்த ஓலையோடு வந்து கேட்கலாம்.

ராஜாவுக்கு உடம்பு பெருத்துவிட்டது. தினமும் நடந்தால்தான் ஆயுசு கெட்டி என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ராஜா நடக்கத் தொடங்கினார். பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவன் பொன்னுரங்கன்.

ராஜா இரக்க குணம் உள்ளவர்தான். அதுவும் நடந்து முடித்து மோர் குடிக்கும்போது ரொம்பவே இரக்கம் வரும். அப்படி ஒரு மோர் வேளையில் உத்தரவு போட்டார். வேலை இழந்தவனுக்கு வேறு வேலை கிடைக்கும்வரை தினம் ஒரு படி அரிசி. ‘இவனுக்கு வேலை இல்லை’ என்று அதிகாரி தன் வாயால் சொன்னால் போதும், இழந்த நாளிலிருந்து கணக்கிட்டு அளந்துவிட வேண்டும். இதற்கென்று ஒரு சாவடியும் கட்டினார்கள். குன்றின் உச்சியில் கட்டினார்கள். ஒரு படி அரிசிக்கு நூறு படி ஏறவேண்டும்.

சாவடிக்கு அதிகாரியாக ஏகாம்பரம் வந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. அரசாங்க அரிசியில் ஒரு மணி குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

முதல் நாளே பொன்னுரங்கன் போய் நின்றான். யாரிடம் வேலை பார்த்தாயோ அவரிடம் ஓலை வாங்கி வா என்றார் ஏகாம்பரம். அவன் வேலை பார்த்தது ராஜாவிடம். அரண்மனை வாசலுக்குப் போனான். உள்ளே உனக்கு என்ன வேலை என்று காவலன் கேட்டான். வேலை இல்லை, அதற்குத்தான் வந்தேன் என்றான் இவன். வேலை இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை என்று காவலன் திருப்பி அனுப்பிவிட்டான்.

சரி, ஊரில் மூன்று பேரிடம் வேலை கேட்டு, இல்லை என்று எழுதி வாங்கி வா என்றார் ஏகாம்பரம். வாங்கி வந்தான். எண்ணெய்ச் செட்டியார் மரியாதைக்காக ‘தற்சமயம் இல்லை’ என்று எழுதியிருந்தார். அந்தத் ‘தற்சமயம்’ ஏகாம்பரத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அப்படியானால் பிற்பாடு உண்டு என்றுதானே அர்த்தம், பிற்பாடு பார்ப்போம் என்று ஓலையைக் கட்டி வைத்தார்.

கடைசியில் ஒருநாள் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். “தினமும் விடிஞ்சா வர்றே. சாயங்காலம் மணி அடிச்சா போறே. ஒருநாள்கூட வராம இருக்கலே. இதுக்குப் பேரு வேலை இல்லாம வேற என்னடா?”

ஆறு மாதம் இப்படியே ஓடியது. வீட்டில் கஞ்சி தண்ணீராகிவிட்டது. அவன் மனைவி செங்கமலத்துக்கு நிறைமாதம். இதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது.

சபையிலோ ஏகாம்பரம் கைகட்டி நின்று, ஆறு மாதம் சல்லடை போட்டுத் தேடியும் நாட்டில் வேலையில்லாதவன் ஒருவன்கூட அகப்படவில்லை என்று அறிக்கை படித்தார். ராஜா பூரித்துப்போனார். சபை கைதட்டியது. அரசவை விகடகவி அம்பலவாணர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பொன்னுரங்கன் அவர் வீட்டு வாசலில் நின்றான்.

“நாளைக்கும் அரிசி வரலேன்னா அவளைக் கூட்டிக்கிட்டு ஊரைவிட்டே போயிடுவேன் சாமி. இந்த நெலமையில வழியில அவளுக்கு என்ன ஆகுமோ தெரியலே.”

அம்பலவாணர் முதலில் தன் வீட்டு அரிசியை முடிந்து கொடுத்தார். பிறகு யோசனை கொடுத்தார். நாளைக் காலை ஏகாம்பரத்திடம் ஒரே ஒரு கேள்வியைப் பணிவாகக் கேள். என்ன பதில் வந்தாலும் அதையே திரும்பக் கேள்.

மறுநாள் ராஜாவின் நடையை அம்பலவாணர் குன்றின் பக்கம் திருப்பினார். படி ஏறினால் தொந்தி இறங்கும் என்று ஆசை காட்டினார். உச்சிக்கு வந்த ராஜா மூச்சு வாங்க ஒரு தூணுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

உள்ளே பொன்னுரங்கன் கேட்டுக்கொண்டிருந்தான். “ஐயா, எனக்கு வேலை இருக்குதுங்களா, இல்லீங்களா?”

விசாரணையில் இருக்கிறது என்றார் ஏகாம்பரம். அவன் மறுபடி கேட்டான். நாளை வா என்றார். மறுபடி கேட்டான். ஏழு தடவை ஆயிற்று. எட்டாவது தடவை ஏகாம்பரம் எழுத்தாணியைத் தூக்கி எறிந்தார்.

“உனக்குத்தான் வேலை வெட்டி இல்லே. எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு. போடா அந்தாண்டே.”

தூணுக்குப் பின்னாலிருந்து அம்பலவாணர் வெளியே வந்தார். “அதிகாரி சொல்லிவிட்டார். அரிசியை அளங்கள்.”

கூடவே ராஜாவைக் கண்டதும் ஏகாம்பரம் எறிந்த எழுத்தாணியைப் பொறுக்கிக்கொண்டார். கோபத்தில் வாய்தவறி வந்தது என்று குழறினார்.

“வாயால் சொன்னால் போதும் என்றுதான் உத்தரவு. சிரித்துக்கொண்டு சொல்லவேண்டும் என்று அதில் இல்லையே” என்றார் அம்பலவாணர்.

ராஜா தலையசைத்தார். ஆறு மாத அரிசி அளக்கப்பட்டது. பல்லக்குத் தூக்கிய தோள் அல்லவா, பொன்னுரங்கன் முதல் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நூறு படியையும் ஓடியே இறங்கினான். அவனைப்போலவே அரிசிக்கு வந்து வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ‘ஐயா, எனக்கு வேலை இருக்குதுங்களா?’ என்று தொடங்கிவிட்டார்கள்.

ராஜாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. ஆயிரம் வேலை என்றீரே, என்னென்ன என்று கேட்டார். ஏகாம்பரம் விரல்விட்டு எண்ணினார். ஓலையை வாங்குவது ஒன்று. திருப்பிக் கொடுப்பது இரண்டு. மூன்றாவது விரல் மடங்கவே இல்லை.

ராஜாவின் முகம் வாடியது. “எவ்வளவு ஆசையாகப் போட்ட உத்தரவு. ஆறு மாதத்தில் வேலையில்லாத ஒருவனுக்குக்கூடப் போய்ச் சேரவில்லையே.”

“அப்படிச் சொல்லிவிடாதீர்கள், மகாராஜா” என்றார் அம்பலவாணர். “வேலையில்லாத ஒருவருக்கு மாதம் தவறாமல் சம்பளமாகப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதோ உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மட்டும் யாரும் ஓலை கேட்கவில்லை.”

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்பலவாணருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. அரிசி அளக்கும் வேலை அன்றே பொன்னுரங்கனுக்குப் போயிற்று.